நான் காலியாக விட்ட கட்டம்

தெற்கு லண்டனில் உள்ள கிராய்டனுக்குக் குடிவந்து ஆறேழு மாதம் ஆகியிருக்கும். 2021 அக்டோபர். லண்டன் ரோட்டில் நான் வழக்கமாகக் கருவேப்பிலை வாங்கும் கடையில், கல்லாவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா, "தம்பி, வோட் போட்டிட்டீங்களோ?" என்று கேட்டார்.

"எனக்கு இந்தியப் பாஸ்போர்ட் அக்கா, இங்கே எனக்கேது ஓட்டு?"

"ஆர் சொன்னது? கொமன்வெல்த் ஆக்களுக்கு இஞ்ச வோட் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசிக்கும் காமன்வெல்த் நாட்டவர், 18 வயது நிரம்பியிருந்தால் போதும், எல்லாத் தேர்தலிலும் ஓட்டு போடலாம். பாராளுமன்றத் தேர்தல்கூட. அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் பத்து வருடமாக இருக்கும் அமெரிக்கருக்கு இல்லாத உரிமை, நேற்று வந்த எனக்கு. அவரிடம் சொன்னபோது முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த அக்டோபரில் நான் தவறவிட்டது சாதாரண ஓட்டு இல்லை. கிராய்டனுக்கு மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமா, இல்லை கவுன்சிலர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பழைய முறையே இருக்கட்டுமா என்று கேட்ட பொது வாக்கெடுப்பு அது. பகுதி வாக்காளர்களில் 5 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தால் கவுன்சில், அதாவது நம்மூர் மாநகராட்சி மாதிரியான அமைப்பு, இந்த வாக்கெடுப்பை நடத்தியே ஆக வேண்டும். ஊர்க்காரர்கள் அப்படித்தான் கொண்டுவந்தார்கள். கோபத்துக்குக் காரணம் இருந்தது. 2020 நவம்பரில் கிராய்டன் கவுன்சில், வரவுக்கும் செலவுக்கும் கட்டவில்லை என்று '114 நோட்டீஸ்' கொடுத்து, அத்தியாவசியம் தவிர மற்றச் செலவையெல்லாம் நிறுத்தியிருந்தது. "பொறுப்பு யார் என்று விரல் நீட்ட ஓர் ஆள் வேண்டும்" என்பதுதான் கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் நான் கேட்ட வாதம். ஓட்டு போட வந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான். வந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்கு பேர் மேயர் வேண்டும் என்றார்கள்.

சரி, அடுத்த தேர்தலுக்காவது பெயரைச் சேர்ப்போம் என்று நினைத்தேனே தவிர உடனே செய்யவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னைச் சேரவைத்தது மொபைல் கான்ட்ராக்ட். கிரெடிட் ஸ்கோர் போதாது என்று மறுத்துவிட்டார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் ஸ்கோர் ஏறும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அன்று இரவே உட்கார்ந்துவிட்டேன். அரசாங்க இணையதளத்தில் பெயர், முகவரி, பிறந்த தேதி, குடியுரிமை, நேஷனல் இன்சூரன்ஸ் எண். ஐந்து நிமிட வேலை. மனைவிக்கும் சேர்த்துப் பத்து நிமிடம். தாலுகா ஆபீசில் ஜெராக்ஸ் கட்டோடு வரிசையில் நின்ற பழக்கத்தில், எதையோ விட்டுவிட்டோமோ என்று பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில நாளில் பெயர் சேர்ந்துவிட்டது என்று கடிதம் வந்தது. புதிதாக வந்தவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: தேர்தல் நாளுக்கு 12 வேலைநாள் முன்பே பதிவு முடிந்துவிடும். கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை.

2022 மே 5 தேர்தல். அதற்கு முன்பே எங்களுக்குள் ஒரு குழப்பம். மேயர் என்றால் எந்த மேயர்? லண்டன் முழுமைக்கும் ஒரு மேயர் இருக்கிறார், அவர் சாதிக் கான். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுக்கொண்டு பள்ளி விழாவுக்கு வரும் மேயர் ஒருவர் கிராய்டனில் ஏற்கெனவே உண்டு. அவர் அலங்காரப் பதவி, கவுன்சிலர்கள் ஆண்டுக்கொருவராகத் தேர்ந்தெடுப்பது. இப்போது வரப்போகிறவர் மூன்றாமவர். குப்பை, பூங்கா, நூலகம், கவுன்சில் வீடுகள், முதியோர் பராமரிப்பு, கட்டட அனுமதி என்று பரோவின், அதாவது கிராய்டன் பகுதியின், நிர்வாகம் இவர் தலையில். போலீசும் பஸ்ஸும் இவரிடம் இல்லை. கவுன்சிலர்களிலிருந்து இரண்டு முதல் ஒன்பது பேர் வரை எடுத்துத் தன் அமைச்சரவையை இவரே அமைத்துக்கொள்வார். நான்கு வருடம். பழைய முறைத் தலைவராக இருந்தால் கவுன்சிலர்கள் கூடி இறக்கிவிடலாம், இவரை அப்படி இறக்க முடியாது. இவர் போடும் பட்ஜெட்டை மாற்ற வேண்டுமென்றால் கவுன்சிலில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும்.

மதுரையில் 2011-இல் மேயருக்கு ஒன்று, கவுன்சிலருக்கு ஒன்று என்று இரண்டு ஓட்டு போட்டவன் நான். அதனால் நேரடி மேயர் எனக்குப் புதிதில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே 2022 பிப்ரவரியில் ஊரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது மேயரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஊரில் கை விட்ட முறையை மூன்று மாதத்தில் கிராய்டனில் வந்து பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரலில் எல்லா வீட்டுக்கும் ஒரு சிறு புத்தகம் வந்தது. மேயர் வேட்பாளர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதியது. எட்டுப் பேர் போட்டி. அதை நண்பர் ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீயே நில்லேன்டா" என்றார். நிற்கவும் வழி இருக்கிறது, விளையாட்டில்லை. ஆனால் காமன்வெல்த் நாட்டவர் என்றால் நிரந்தர வசிப்புரிமை வேண்டும், பகுதி வாக்காளர்கள் 30 பேர் கையெழுத்துப் போட வேண்டும், 500 பவுண்டு டெபாசிட் கட்ட வேண்டும். 5 சதவீத ஓட்டு வாங்காவிட்டால் அந்தப் பணம் போச்சு. எனக்கு அப்போது வசிப்புரிமையும் கிடையாது, 500 பவுண்டும் கிடையாது.

தேர்தல் அன்று வியாழக்கிழமை. விடுமுறை எல்லாம் இல்லை. காலை 7 மணியிலிருந்து இரவு 10 வரை என்பதால் வேலை முடிந்து ஏழரைக்குப் போனோம். எங்கள் வெஸ்ட் தார்ன்டன் வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹால். போலீஸ் இல்லை, மைக் இல்லை, வரிசையும் இல்லை. பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். மேசையில் இருந்த பெண்மணி அதைத் தொடக்கூட இல்லை. "வேண்டாம், முகவரி சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். ஸ்கேலைப் பட்டியலில் வைத்து இறக்கி, என் பெயரில் நிறுத்தி, ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான். நான் சொன்னதை வைத்தே நான்தான் நான் என்று ஒப்புக்கொண்டார்கள். விரலில் மை வைப்பார்கள் என்று இடது கையை மேசை மேல் வைத்திருந்தது வேறு கதை. மனைவி கண்ணாலேயே எடுக்கச் சொன்னாள்.

கையில் இரண்டு வாக்குச்சீட்டு. இங்கேதான் மாட்டிக்கொண்டேன். கவுன்சிலர் சீட்டில் மூன்று பேர் வரை பெருக்கல் குறி போடலாம், ஏனென்றால் எங்கள் வட்டாரத்துக்கு மூன்று கவுன்சிலர்கள். மேயர் சீட்டில் அப்படி இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டம். முதல் கட்ட வரிசையில் ஒரே ஒரு குறி, அது முதல் விருப்பம். அடுத்த வரிசையில் ஒரே ஒரு குறி, அது இரண்டாவது விருப்பம். முதல் வரிசையில் இரண்டு குறி போட்டால் சீட்டு செல்லாது. இரண்டாவதைக் காலியாக விட்டால் பரவாயில்லை, முதலாவது எண்ணப்படும்.

மறைப்புக்குள் பென்சிலோடு நின்று யோசித்தேன். முதல் விருப்பம் யாருக்கு என்பதில் சந்தேகமே இல்லை. பெரிய கட்சிக்காரர் இல்லை, ஜெயிக்க மாட்டார் என்று எனக்கே தெரியும், ஆனாலும் அந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தது பிடித்திருந்தது. இரண்டாவதில் இன்னொருவருக்குப் போட்டால் நம் ஆளின் ஓட்டு குறையுமோ? ஒருவனுக்கு ஓர் ஓட்டு என்று ஊறிய புத்தி. காலியாக விட்டு மடித்துப் பெட்டியில் போட்டேன்.

வெளியே வந்ததும் மனைவி, "ரெண்டாவது யாருக்குப் போட்டீங்க?" என்றாள். விட்டுவிட்டேன் என்றேன். அவள் நின்றுவிட்டாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை நான் படிக்கவில்லை, அவள் படித்திருந்தாள். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் முதல் இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை நீக்கிவிடுவார்கள். நீக்கப்பட்டவர்களுக்குப் போட்டவர்களின் இரண்டாவது விருப்பம் அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அதைக் கூட்டுவார்கள். நம் ஆள் நீங்கிய பிறகுதான் இரண்டாவது கட்டத்தைப் பார்க்கவே செய்வார்கள், அதனால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

முடிவு வந்தது. முதல் சுற்றில் யாருக்கும் பாதி இல்லை. கன்சர்வேட்டிவ் கட்சியின் ஜேசன் பெர்ரியும் லேபரின் வால் ஷாக்ராஸும் மட்டும் மிஞ்சினார்கள். இரண்டாவது விருப்பங்களைக் கூட்டியதும் பெர்ரி 589 ஓட்டில் ஜெயித்தார். பரோவில் கிட்டத்தட்ட நான்கு லட்சம் பேர் வாழ்கிறோம். என் ஓர் ஓட்டு 589-ஐ மாற்றியிருக்காது, கணக்கு தெரியும். ஆனாலும் அந்த எண்ணை வீட்டில் யாராவது சொன்னால் இன்றும் எனக்குச் சுருக்கென்கிறது, சொல்வது பெரும்பாலும் ஒரே ஆள்தான். கவுன்சிலில் 70 இடத்தில் மேயரின் கட்சிக்கு 33, லேபருக்கு 34. மேயர் ஒரு பக்கம், சபையில் பெரிய கட்சி இன்னொரு பக்கம். 2023 ஏப்ரலில், நம்மூர் வீட்டு வரி மாதிரியான கவுன்சில் வரி 14.99 சதவீதம் ஏறியது. பெரும்பாலான ஊர்களில் 5 சதவீதத்தைத் தாண்ட மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும், கிராய்டனுக்கு அரசாங்கம் தனியாக அனுமதி கொடுத்திருந்தது. பில் வந்த அன்று நான் பூங்காவைப் பற்றியோ நூலகத்தைப் பற்றியோ நினைக்கவில்லை, அந்தக் கட்டத்தைத்தான் நினைத்தேன்.

அப்புறம் 2024 மே 2, லண்டன் மேயர் தேர்தல். இந்த முறை முன்கூட்டியே எல்லாம் படித்து வைத்திருந்தேன். அதே ஹால். ஆனால் இப்போது புகைப்பட அடையாளம் கட்டாயம், லண்டன் முழுமைக்குமான தேர்தலில் அதுதான் முதல் தடவை. இந்தியப் பாஸ்போர்ட்டே செல்லும், இலங்கைப் பாஸ்போர்ட்டும் செல்லும், காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட் எல்லாமே ஏற்கிறார்கள். மேசையில் இருந்த இளைஞர் என் பாஸ்போர்ட் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் பெரிய மீசை, நேரில் இல்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

மூன்று சீட்டு கொடுத்தார். மேயருக்கான இளஞ்சிவப்புச் சீட்டை விரித்து, முதல் விருப்பத்தைப் போட்டுவிட்டு, பென்சிலை இரண்டாவது கட்டத்துக்கு நகர்த்தினேன். கட்டம் இல்லை. 2022-இல் போட்ட சட்டத்தில் அந்த முறையையே எடுத்துவிட்டார்கள், இனி ஒருவருக்கு ஒரு குறிதான் என்பதை எங்கோ படித்தும் இருந்தேன். தெரிந்தும், தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் மடித்தேன்.