சாப்பாட்டுக் காசைத் திருப்பிக் கேட்ட கதை

கழிப்பறை வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதே, ராத்திரிச் சாப்பாட்டை வரவழைத்த செயலியைத் திறந்து அந்த உணவகத்துக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டேன். "இவர்கள் விற்பது விஷம்" என்று கூடவே ஒரு வரி. அது என் முதல் தப்பு. இரண்டாவதை என் மனைவி செய்தாள், பாவம். வாடை தாங்காமல் மிச்சமிருந்த கோழியை டப்பாவோடு குப்பையில் போட்டு, குப்பையையும் வெளியே வைத்துவிட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிட்டோம். எனக்குக் கோழி, அவளுக்குக் காய்கறி. பன்னிரண்டு மணிக்கு எனக்கு வாந்தி ஆரம்பித்து விடியும்வரை விடவில்லை. காய்ச்சல் இல்லை. அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. மறுநாள் முழுக்க உப்பு சர்க்கரைக் கரைசலை மடக்கு மடக்காகக் குடித்து, சாயங்காலம் ஒருவழியாக எழுந்து உட்கார்ந்ததும் புகார் செய்யப் போனேன்.

செயலியில் 'பொருள் வரவில்லை', 'அளவு குறைவு', 'தரம் சரியில்லை' எல்லாம் இருந்தன. 'சாப்பிட்டு உடம்புக்கு வந்தது' மட்டும் இல்லை. சரியென்று 'தரம் சரியில்லை'யைத் தொட்டால் புகைப்படம் கேட்கிறது. டப்பா போயாச்சு. வேறு எதைப் படம் பிடிப்பது, வாந்தியையா? கடைசியில் ஒரு காலித் தட்டைப் படமெடுத்து ஏற்றினேன். அரட்டையில் வந்தவர் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்பதை எழுத்துப் பிசகாமல் மூன்று முறை அனுப்பிவிட்டு, ஒரு தள்ளுபடிக் கூப்பன் தந்தார். அதே உணவகத்துக்கு!

மச்சானிடம் புலம்பினேன். அவர் இதில் கைதேர்ந்தவர். "முழு பில்லையும் கேளுங்க மாமா. அக்காவுக்கும் வாந்தின்னு சொல்லுங்க. யார் வந்து பார்க்கப்போறா?" என்றார். சாப்பிட்டு முடித்துவிட்டு 'முடி கிடந்தது' என்று இவர் காசு வாங்கியது எனக்குத் தெரியும். இப்படிப்பட்ட மச்சான்கள் நிறையப் பேர் இருப்பதால்தான், உண்மையிலேயே வயிறு கெட்டவனிடமும் படம் கேட்கிறார்கள். அந்த எரிச்சலில், கோழிக்கான காசை மட்டும் கேட்பது என்று முடிவு செய்தேன். என் மனைவி ரசித்துச் சாப்பிட்ட காய்கறிக்கு எந்த முகத்தோடு காசு கேட்பது?

அதுவரை நான் யோக்கியன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தலைசுற்றல் நிற்காததால் மூன்றாம் நாள் டாக்டரம்மாவிடம் போனேன். கோழி என்று ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"எல்லாரும் கடைசியா சாப்பிட்டதைத்தான் சொல்வீங்க. அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க?"

யோசித்தேன். சாயங்காலம் ஆறரைக்கு, காலையில் வடித்த சோறு கொஞ்சம். நாள் முழுக்க அடுப்பு மேடையிலேயே இருந்தது. மனைவி அதைத் தொடவில்லை.

அவர் சிரித்துக்கொண்டே கணக்குப் போட்டார். ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நச்சு என்றால் அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். வெளியே கிடந்த சோற்றில் வளரும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் நச்சு என்றால் அரை மணியிலிருந்து ஆறு மணி நேரம். இரண்டு நச்சும் திரும்பச் சூடு பண்ணினால் போகாது. கோழி சாப்பிட்டு மூன்று மணி நேரம், சோறு சாப்பிட்டு ஐந்தரை. இரண்டுமே கணக்குக்குள் வருகின்றன. மற்ற கிருமிகள் வேலையைக் காட்ட இன்னும் நேரமாகும்: நோரோவைரஸ் 12 முதல் 48 மணி நேரம் எடுக்கும், சால்மொனெல்லா ஆறு நாள்வரைகூடப் போகும், கேம்பிலோபாக்டர் பெரும்பாலும் 2 முதல் 5 நாள். அப்படி ஏதாவது இருந்தால் முந்தாநாள் சாப்பிட்டதெல்லாம் பட்டியலில் சேரும். மிச்ச உணவை மூடி ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் பரிசோதனைக்காவது கொடுத்திருக்கலாம் என்றார். மலப் பரிசோதனை செய்வதானால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மாதிரி கொடுக்க வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து என் புகாரைப் படித்துப் பார்த்தேன். 'உங்கள் கோழியால்தான்' என்று எழுதியிருந்தேன். அந்தத் 'தான்' உறுத்தியது. சோற்றைச் சொன்னால் காசு வராது. சொல்லாவிட்டால் என் அடுப்பு மேடையின் பழி இன்னொருவர் சமையலறை மேல் விழும். ஒரு நாள் இழுத்தடித்துவிட்டு, மறுபடி எழுதினேன்: எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டேன், சோறு உட்பட, எத்தனை மணிக்கு என்ன ஆனது, அவ்வளவுதான். உங்கள் உணவாக இருக்கலாம், உறுதியில்லை, அன்றைக்குச் சமைத்த கோழியைப் பாருங்கள், கோழிக்கான காசைத் தருவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

மறுநாள் உணவகத்திலிருந்தே மேலாளர் அழைத்தார். "சார், முழு பில்லையும் குடுத்துடறோம். அந்த கமென்ட்டை மட்டும் எடுத்துடுங்க." சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு வேறு யாராவது புகார் சொன்னார்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "பார்த்துச் சொல்றேன் சார்" என்றார். இதுவரை சொல்லவில்லை.

காசு வாங்கிக்கொண்டு கமென்ட்டை எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நஷ்டஈடு என்றால் நியாயம். வாயை மூட என்றால் அதற்குப் பேர் வேறு. ஆனால் 'விஷம்' என்று எழுதியதை வைத்திருக்கவும் எனக்கு உரிமையில்லை. அதனால் பேரம் பேசாமல் நானே நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, நேரங்களை மட்டும் எழுதி வைத்தேன். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் அதையே அனுப்பினேன். காசு திரும்ப வந்தால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும், சோதனைக்கு யாரும் போக மாட்டார்கள். நாலு பேர் ஒரே தேதியைச் சொன்னால்தான் அவர்களுக்கும் பிடி கிடைக்கும்.

ஒரு வாரம் கழித்துக் கோழிக்கான காசு மட்டும் வந்தது. ஒரு விளக்கமும் இல்லை. மச்சானிடம் சொன்னேன், "பாதிதானா?" என்றார். கூப்பன் செயலியிலேயே காலாவதியானது.

இப்போதெல்லாம் வெளியே வாங்கினால் டப்பாவில் இரண்டு கரண்டி மிச்சம் வைத்து, மூடி, ஃபிரிட்ஜில் வைக்கிறேன். காலையில் மனைவி கதவைத் திறந்து, "உயிரோடதானே இருக்கீங்க, இதைத் தூக்கிப் போடவா?" என்று கேட்டுவிட்டுத்தான் கழுவுகிறாள்.