ராத்திரி மூன்று மணிக்கும் பொருந்த வேண்டும்

மலேசியாவின் பினாங்கில் இருக்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்கள் கழுத்தில் தொங்கும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் படமும் எண்ணும். பின்பக்கம் கம்பெனியின் வேல்யூஸ், அதாவது விழுமியங்கள்: நேர்மை, மரியாதை, நம்பிக்கை, குழு உணர்வு, தரம். கம்பெனிக்குக் கம்பெனி வரிசைதான் மாறும். சூப்பர்வைசராகவும் பிறகு பயிற்சிப் பிரிவிலும் பல வருஷம் இருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்: அவை உண்மையா என்று தெரிய வேண்டுமானால் ராத்திரி மூன்று மணிக்கு லைனுக்கு வாருங்கள். மேனேஜர் இல்லை, எச்ஆர் இல்லை, வருகையாளர் யாரும் இல்லை. அப்போது நடப்பதுதான் கம்பெனியின் பழக்கம்.

நாங்கள் வேல்யூஸ் எழுதிய கதையைச் சொல்ல வேண்டும். பத்து பெரிங்கி கடற்கரையில் ஒரு ஹோட்டல், ஆலோசகர், வண்ணக் காகிதங்கள், நல்ல சாப்பாடு. நைட் ஷிப்டிலிருந்து ஒருவரையும் கூப்பிடவில்லை. அறிமுக விழா காலை பத்து மணிக்குக் கேண்டீனில் நடந்தது. அந்நேரம் நைட் ஷிப்ட்காரர்கள் வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விழா டீ சட்டை அவர்களுக்குப் பிறகு வந்தது. மிஞ்சியது எல்லாமே டபுள் எக்ஸ்எல். ஆறு மாதம் கழித்து "ஊழியர்களிடம் ஈடுபாடு குறைவு" என்று சர்வே அறிக்கை வந்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

1972-இல் இந்தத் தொழிற்பேட்டை தொடங்கியபோது முதலில் வந்த கம்பெனிகளில் ஹியூலெட்-பேக்கார்ட் என்கிற எச்பியும் ஒன்று. அதன் நிறுவனர்கள் பற்றிய பூட்டுக் கதையை இங்கே பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். நிறுவனர்களில் ஒருவரான டேவிட் பேக்கார்ட் 1930-களில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்தவர். அங்கே கருவிகளுக்குக் காவல் போட்டிருந்தார்கள். ஆனாலும் திருட்டு ஓயவில்லை. அதனால் சொந்தக் கம்பெனியில் கருவி அறையைத் திறந்தே வைத்தார்கள். ஒரு விடுமுறை நாளில் மைக்ராஸ்கோப் எடுக்க வந்த இன்னொரு நிறுவனர் பில் ஹியூலெட், அறை பூட்டியிருப்பதைப் பார்த்துத் தாழ்ப்பாளை உடைத்துத் திறந்துவிட்டு, இனிமேல் பூட்டக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போனாராம்.

எங்கள் ஸ்டோரும் அப்படித்தான் பூட்டியிருந்தது. ஸ்டோர்காரர் மாலை ஐந்தரைக்குச் சாவியோடு போய்விடுவார். ராத்திரி மெஷினில் ஒரு முனை உடைந்தால், டெக்னீஷியன் செக்யூரிட்டியிடம் போய்ப் படிவம் நிரப்பி, சூப்பர்வைசர் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குள் மெஷின் முக்கால் மணி நேரம் சும்மா நிற்கும். அட்டையின் பின்னால் 'நம்பிக்கை' என்று அச்சடித்திருந்தது. கதவைத் திறந்து வைக்கச் சொன்னோம். ஆடிட் ஒப்புக்கொள்ளாது என்றார்கள். கடைசியில் நைட் லீடரிடம் ஒரு சாவி கொடுத்தார்கள். பாதி வெற்றிதான், சரி.

ஆனால் பழக்கத்தை மாற்றியது சாவி இல்லை, ஒரு 'ஹோல்ட்': சந்தேகம் வந்த சரக்கை அனுப்பாமல் நிறுத்தி வைப்பது.

ஒயர் பாண்டிங்கில் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டுவார்கள். ஷிப்டுக்குச் சில மாதிரிகளை எடுத்து, சின்னக் கொக்கியால் கம்பியை இழுத்து, எத்தனை கிராம் விசை தாங்குகிறது என்று பார்ப்பார்கள். கம்பியே அறுந்தால் நல்லது. அடியோடு பெயர்ந்து வந்தால் சரியாக ஒட்டவில்லை என்று அர்த்தம். ஒரு மாதக் கடைசி, காலை விமானத்துக்குப் போக வேண்டிய லாட், அதாவது ஒரு தொகுதிச் சிப்கள். எங்கள் சீனியர் ஆபரேட்டர் அக்கா ஒருவர் அதை நிறுத்தி ஹோல்ட் அட்டை ஒட்டிவிட்டார். முன்பெல்லாம் காலை மீட்டிங்கில் முதல் கேள்வியே "யார் நிறுத்தினது?" என்பதுதான். புதிதாக வந்திருந்த மேனேஜர் ஏழு மணிக்கு முன்பே லைனுக்கு வந்துவிட்டார்.

"அக்கா, என்ன பார்த்தீங்க? எனக்கும் காட்டுங்க."

"நம்பர் லிமிட்டுக்குள்ளதான் சார் இருக்கு. ஆனா கம்பி அறுகல, பெயர்ந்து வருது. நீங்களே பாருங்க."

மைக்ராஸ்கோப்பில் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "ஹோல்டை என் பேருக்கு மாத்திக்கங்க" என்று மட்டும் சொன்னார். விமானம் போய்விட்டது. பிரித்துப் பார்த்ததில் லாட்டின் பெரும்பகுதி நல்லதாகவே இருந்தது. அப்படியும் அந்த அக்காவிடம் "அவசரப்பட்டுட்டீங்க" என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். பெரிய பழுது கண்டுபிடித்தவரைப் பாராட்டுவதில் என்ன இருக்கிறது, யாரும் செய்வார்கள். அடுத்த சில வாரம் தேவையில்லாத ஹோல்டுகளும் கூடின. பிளானிங் பிரிவு கத்தியது. மேனேஜர் தாங்கிக்கொண்டார்.

லஞ்சம், பரிசுக்கூடை விஷயம் இத்தனை பாடுபடுத்தவில்லை. மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்தது. கம்பெனிக்காக வேலை செய்கிறவர் லஞ்சம் கொடுத்தால் கம்பெனியும் குற்றவாளியாகலாம் என்றானதும், தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் முன்பே பரிசு வேண்டாம் என்று சப்ளையர்களுக்குக் கடிதம் போய்விடுகிறது. சட்டம் பின்னால் நின்றால் நேர்மை சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது. மரியாதைக்கு அப்படி ஒரு பிரிவு இல்லையே.

இப்போது ஷிப்ட் மாறும் நேரத்தில் பத்து நிமிடம் பேசுகிறோம், இரண்டு ஷிப்டும் சேர்ந்து. மாதா மாதம் வேல்யூஸ் விருதும் உண்டு, நைட்டுக்குத் தனியாக. ஏஜென்ட் வழியாக வந்த நேப்பாள, வங்காளதேசத் தம்பிகளின் பெயரைத்தான் அதில் எழுத முடியவில்லை. படிவம் ஊழியர் எண் கேட்கிறது. அவர்களிடம் ஏஜென்ட் எண்தான் இருக்கிறது. எச்ஆரிடம் கேட்டேன். சிஸ்டம் ஏற்காது, அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார்கள். அதுவரை அவர்கள் பெயரைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள், நானே மீட்டிங்கில் வாசிக்கிறேன் என்று லீடர்களிடம் சொல்லியிருக்கிறேன்.