பச்சைப் புள்ளி

மார்ச் 3, திங்கள்

ஸ்கேனுக்கு அழைத்துச் செல்வதற்கு முன்பு, தம்பியின் கையில் அம்மா கட்டியிருந்த தாயத்தை நர்ஸ் கத்தரித்து எடுத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பெயரையும் படுக்கை எண்ணையும் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்.

மார்ச் 4, செவ்வாய்

அவனுடைய கைப்பேசி இரவெல்லாம் அதிர்ந்துகொண்டே இருந்தது. பூட்டிய திரையில் ஒவ்வொரு செய்தியின் முதல் வரி மட்டுமே தெரிகிறது. மலேசிய எண்ணிலிருந்து ஒரு பையன், "அண்ணே, எங்க இருக்கீங்க?" என்று பதினொரு முறை கேட்டிருக்கிறான். "இணைய விளையாட்டில் வந்தவர்கள்தானே, நிஜ மனிதர்களுக்கே இன்னும் சொல்லி முடிக்கவில்லை, அணைத்து வை" என்றார் அப்பா. நான் அணைக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

அப்பா சொன்ன அந்த 'நிஜ' என்ற சொல் இரண்டு நாட்களாக என்னை விடவில்லை. 2007-இல் நெதர்லாந்தின் லீயுவார்டன் நகரில் 'ரூன்ஸ்கேப்' என்ற இணைய விளையாட்டை ஆடிக்கொண்டிருந்த 13 வயதுச் சிறுவன் ஒருவனை, அவனுக்குத் தெரிந்த இரண்டு பையன்கள் அடித்து உதைத்து, கத்தியைக் காட்டி மிரட்டி, விளையாட்டுக்குள் அவன் வைத்திருந்த ஒரு முகமூடியையும் ஒரு தாயத்தையும் தங்கள் கணக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். கையில் எடுத்துப் பார்க்க முடியாத ஒன்றை எப்படித் திருட முடியும் என்பது அவர்கள் தரப்பு வாதம். அது உச்ச நீதிமன்றம் வரை போய், 2012 ஜனவரி 31 அன்று, அது திருட்டுதான் என்று தீர்ப்பாயிற்று. அந்தச் சிறுவன் தன் நேரத்தையும் உழைப்பையும் செலவழித்து அந்தப் பொருள்களைச் சேர்த்திருந்தான். அவை அவன் வசம் இருந்தன. பிறகு இல்லாமல் போயின. மின்சாரத்தையும் திருட முடியும் என்று அதே நீதிமன்றம் 1921-இலேயே சொல்லியிருந்தது. அந்த நீதிபதிகள் முன் வந்ததும் ஒரு தாயத்துதான் என்பதை நினைத்து, என் கைப்பையிலிருக்கும் பிளாஸ்டிக் பையை இன்று பலமுறை தொட்டுப் பார்த்தேன்.

மார்ச் 7, வெள்ளி

காய்ச்சல் இல்லை. கண் திறக்கவில்லை.

மார்ச் 8, சனி

நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர், தசைச்சிதைவு நோயால் 2014 நவம்பரில், 25 வயதில் இறந்தார். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் அவர் பெயர் இபெலின். மகன் தனியாகவே வாழ்ந்து முடித்துவிட்டான் என்று பெற்றோர் வருந்திக்கொண்டிருந்தார்கள். அவர் விட்டுச் சென்ற கடவுச்சொல்லைக் கொண்டு அவருடைய வலைப்பூவில் மரணச் செய்தியை எழுதிய பிறகுதான், பல நாடுகளிலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்தன. இறுதிச் சடங்குக்கே சிலர் நேரில் வந்து நின்றார்கள். எல்லோரும் நெகிழ்ந்து சொல்லும் இந்தக் கதையைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மகன் யார் யாருக்கு வேண்டியவனாக இருந்தான் என்பதை, அவன் போன பிறகுதானா ஒரு தகப்பன் தெரிந்துகொள்ள வேண்டும்?

மார்ச் 9, ஞாயிறு

மாலையில் பார்க்க விடும் பத்து நிமிடத்தில் அவனுடைய கட்டைவிரலைக் கைப்பேசியில் வைத்தேன். ஆள்காட்டி விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப் இருந்தது. விரல் சற்று வீங்கியிருந்ததால் இரண்டு முறை திறக்கவில்லை. ஈரத் துணியால் துடைத்துவிட்டு மூன்றாம் முறை வைத்ததும் திறந்துகொண்டது. ஆறு நாட்களாக நாங்கள் கூப்பிட்டும் அசையாதவனை, அது அவன்தான் என்று ஏற்றுக்கொண்டது.

செய்திகளை முழுவதும் படித்தேன். அவனுடைய விளையாட்டுக் குழுவினர் இரண்டு வருடங்களாகச் சேர்த்த பொதுப் பொருள்களெல்லாம் அவன் பெயரிலுள்ள பெட்டியில் இருக்கின்றன. திங்கள் நள்ளிரவுக்குள் அவன் கணக்கிலிருந்து யாராவது உள்ளே போகாவிட்டால் பெட்டி காலாவதியாகிவிடும். நான் போகலாம், ஒரு நிமிட வேலைதான். ஆனால் போன மறுகணம் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். நாற்பது பேர் அதைப் பார்த்து, அவன் வந்துவிட்டான் என்று நம்புவார்கள். அந்த நம்பிக்கை நிஜமாக இருக்கும், அது உடையும்போது வரும் வலியும் நிஜமாக இருக்கும், நடுவில் நான் ஏற்றிய விளக்கு மட்டும்தான் பொய். ஐ.சி.யூ. வாசலில் நின்றுகொண்டு, என் தம்பி எழுந்துவிட்டதாக ஒருவரிடம் பொய் சொல்வேனா?

மார்ச் 11, செவ்வாய்

உள்ளே போகவில்லை. நேற்றுக் காலையில் என் பெயரிலிருந்தே, அவனுடைய அக்கா என்று சொல்லி, குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். இரத்தம் தேவைப்படுமா, என்ன வகை, எந்த நேரத்தில் பார்க்க விடுவார்கள் என்று கேட்டார்கள். பெட்டியைப் பற்றி நான்தான் கேட்டேன். மலேசியப் பையனிடமிருந்து உடனே பதில் வந்தது: "வேணாம் அக்கா. அண்ணே பேர்ல நீங்க உள்ள வராதீங்க. பச்சை எரிஞ்சா எங்களால தாங்க முடியாது."

நள்ளிரவில் பெட்டி போய்விட்டது. அந்தத் தீர்ப்பின் கணக்கில் பார்த்தால், நாற்பது பேருடைய இரண்டு வருட உழைப்பு அது. யாரும் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். "எத்தனை பேர் என்றாய்?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 12, புதன்

டாக்டர் சம்மதித்தால் நாளை தாயத்தைக் கட்டலாம் என்று நர்ஸ் சொன்னார். கத்தரித்த கயிறு இனி முடிச்சுக்கு எட்டாது. கோயில் வாசல் கடையில் புதுக் கறுப்புக் கயிறு வாங்க வேண்டும்.