மணலை மீனின் கறுப்புச் சவ்வு

உயர்தர உயிரியலில் விலங்குப் பாகுபாடு வந்ததும் பிள்ளைகள் மூன்று நிரல் போட்ட அட்டவணை ஒன்றை எழுதி மனப்பாடம் செய்துவிடுவார்கள். உடற்குழி இல்லாதவை: தட்டைப்புழு. போலி உடற்குழி உள்ளவை: வட்டப்புழு. உண்மையான உடற்குழி உள்ளவை: மண்புழு தொடங்கி மனிதர் வரை. பரீட்சைக்கு அது போதும். ஆனால் உடம்புக்குள் இருக்கும் ஓர் இடைவெளியை வைத்து ஏன் விலங்குகளைப் பிரிக்க வேண்டும் என்று அநேகமாக ஒருவரும் கேட்பதில்லை.

அதனால் மட்டக்களப்பில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்துக்கு ஒரு மணலை மீன் வாங்கிக்கொண்டு போவேன். வயிற்றைக் கீறினால் உட்சுவர் முழுக்கக் கறுப்புச் சவ்வு. வீட்டில் மீன் வெட்டிப் பழகிய பிள்ளைகளுக்கு அது புதிதில்லை. சுரண்டாவிட்டால் கறி கசக்கும் என்று அம்மா சொல்லியிருப்பா. அதுதான் பெரிட்டோனியம், கருவில் உள்ள மூன்று படைகளில் நடுப்படையான இடைத்தோற்படையில் இருந்து வந்தது. அதே உறை குடலின் வெளிப்புறத்தையும் போர்த்தி, மெல்லிய மடிப்பாகக் குடலை முதுகுப் பக்கச் சுவரில் தொங்கவிட்டிருக்கும். இப்படி இரண்டு பக்கமும் இடைத்தோற்படை மூடியிருந்தால்தான் அது உண்மையான உடற்குழி. விரலால் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு வரைவிலக்கணத்தை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

குடலின் பக்கமும் இடைத்தோற்படை இருப்பதால் குடலுக்கென்று தனித் தசை கிடைக்கிறது. மீன் வாலை அடித்து நீந்தும்போதும் குடல் தன்பாட்டில் உணவைத் தள்ளிக்கொண்டிருக்கும். வட்டப்புழுவான அஸ்காரிஸில் தசை குழியின் வெளிச்சுவரில் மட்டும்தான். குடற்சுவரில் தசை கிடையாது. தொண்டைதான் உணவை உள்ளே தள்ள வேண்டும். உடற்தசையும் நீளவாக்கில் மட்டும் இருப்பதால் அது நெளியும், ஆனால் மண்புழு போலச் சுருங்கி நீண்டு நகராது.

மண்புழுவுக்கு வட்டத்தசை, நீளத்தசை இரண்டும் உண்டு. நடுவில் திரவம் நிறைந்த குழி, அதுவும் தடுப்புச்சுவர்களால் அறை அறையாகப் பிரிந்தது. தண்ணீர் நிரப்பிய பொலித்தீன் பையை ஒரு பக்கம் அமுக்கினால் மற்றப் பக்கம் வீங்குமே, அதே வேலைதான். ஒவ்வொரு அறையும் தனித்தனியாகச் செய்கிறது. மண்ணைத் துளைத்துப் போக இது அருமையான ஏற்பாடு. உடற்குழி தோன்றியதே இந்த வேலைக்குத்தான் என்று 1964 இல் ஆர். பி. கிளார்க் என்ற விலங்கியலாளர் வாதிட்டார். எல்லோரும் ஒத்துக்கொண்டதில்லை. என்றாலும் எனக்குப் பிடித்த விளக்கம் அதுதான், ஏனென்றால் அது குழிக்கு ஒரு தொழிலைக் கொடுக்கிறது.

இறால் வெட்டும் நாளில்தான் அட்டவணை ஆட்டம் காணும். "நாளம் எங்க டீச்சர்?" என்று தேடுவார்கள். குருதி பெரும்பாலும் உறுப்புகளைச் சுற்றியுள்ள இடைவெளிகளில்தான் நிற்கும். பெரிதாகத் தெரியும் அந்தக் குழி உண்மையான உடற்குழியே இல்லை. உண்மையானது இனப்பெருக்க உறுப்பிலும் கழிவகற்றும் சுரப்பியிலும் சிறு எச்சமாகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் இறால் மூன்றாவது நிரலில்தான் இருக்கிறது.

அப்புறம், 1997 இல் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுவை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று வட்டப்புழுவையும் இறாலையும் பூச்சிகளையும் தோல் கழற்றும் விலங்குகள் என்று ஒரே கிளையில் வைத்தது. தட்டைப்புழுவோ மண்புழு, நத்தை இருக்கும் பக்கம் போய்ச் சேர்ந்தது. அப்படியானால் தட்டைப்புழு குழி வரும்வரை காத்திருந்த பழைய விலங்கு என்று சொல்ல முடியாது. மூதாதையிடம் இருந்ததை அது இழந்திருக்கவும் கூடும்.

"அப்ப பரீட்சைக்கு எதை எழுத டீச்சர்?"

அட்டவணையைத்தான் எழுத வேண்டும். அது உடம்பின் அமைப்பைச் சரியாகத்தான் சொல்கிறது. அதை ஏணி என்று வாசித்தால்தான் பிழை.

குளத்தில் குளித்து அட்டை கடிபட்ட ஒரு பையன், அட்டைக்கு எந்த நிரல் என்று கேட்டான். மண்புழுவின் சொந்தம்தான் தம்பி, மூன்றாவது நிரல் என்றேன். ஆனால் வெட்டிப் பார்த்தால் தடுப்புச்சுவர்கள் இல்லை, குழியின் பெரும்பகுதியை இழையம் அடைத்துக் கால்வாய்கள் மட்டும் மிஞ்சியிருக்கும். முன்னும் பின்னும் உள்ள உறிஞ்சிகளை மாறி மாறிப் பதித்து நடக்கிற விலங்குக்கு, மண் துளைக்கும் அறைகளால் என்ன பயன்?