சிங்கமலைச் சுரங்கமும் ஒரு கணக்கும்

எங்கள் கணித ஆசிரியரைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால், சேரின் முகத்துக்கு முன்னால் அம்மாவின் சம்பளத் துண்டுதான் வந்து நிற்கிறது.

1988ஆம் ஆண்டு. இலங்கை மலையகத்தில் நான் ஆண்டு பத்தில் படித்துக்கொண்டிருந்தேன். சதவீதப் பாடம் தொடங்கும் நாளுக்கு முதல் நாள், “வீட்டிலிருக்கும் சம்பளத் துண்டொன்றைக் கொண்டு வாருங்கள். பெயர் இருக்கும் பக்கத்தை மடித்துவிடுங்கள்” என்றார் சேர். நான் ஒழுங்காகத்தான் மடித்துக்கொண்டு போனேன். ஆனால் ஓரத்தில் வெற்றிலைச் சாறு பட்டிருந்தது. அது யார் வீட்டுத் துண்டு என்று, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பையன்கள் ஒரே பார்வையில் கண்டுகொண்டார்கள்.

கரும்பலகையில் 900 ரூபாய் என்று எழுதினார். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் பிடிப்பது நூற்றுக்கு 8, 72 ரூபாய். தோட்டம் தன் பங்குக்குப் போடவேண்டியது நூற்றுக்கு 12, 108 ரூபாய். ஆக மாதம் 180 ரூபாய் தொழிலாளியின் பேரில் சேரவேண்டும். அரிசி மா, கோயில், சங்கச் சந்தா, பண்டிகை முற்பணம் என்ற வரிசையில் அதையும் ஒரு கழிவாகவே அம்மா நினைத்துவந்தார். அது அவருடைய காசுதான் என்று அன்று மாலை நான் சொன்னதும், “சேரே சொன்னாரா?” என்று இரண்டு தடவை கேட்டார். அடுத்த மாதத் துண்டை நானும் அம்மாவும் விளக்கடியில் வைத்துக் கூட்டிப் பார்த்தோம். இரண்டு பேர், அதாவது இரண்டு நாள் வேலைக் கணக்கு, குறைந்திருந்தது. கேட்கப் போனதில் ஒரு பேர் கிடைத்தது, மற்றதற்கு வாக்குறுதி கிடைத்தது.

சேரும் லயத்துப் பிள்ளைதான். கொட்டகலைப் பக்கத் தோட்டமொன்றில், ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் ஒரே மண்டபத்தில் மேய்த்த பள்ளியில் அரிச்சுவடி தொடங்கியவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரான தகப்பனுக்கு மகன். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி அக்கா குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட, இவர்கள் தங்கிவிட்டார்கள். எண்பதுகளில் ஆசிரியர் நியமனம் பெற்று எங்களிடம் வந்தார். இதையெல்லாம் அவர் உட்கார்த்திவைத்துச் சொன்னதில்லை. பாடத்தின் நடுவே ஒவ்வொன்றாக உதிர்ந்ததை நாங்கள் பொறுக்கிச் சேர்த்தோம்.

அவருடைய வகுப்பில் அழிறப்பருக்கு இடமில்லை. பிழைத்தால் ஒரு கோடு போட்டு வெட்டவேண்டும். பிழைத்த இடம் அவர் கண்ணுக்குத் தெரியவேண்டும். வழி எழுதாமல் விடையை மட்டும் எழுதினால், விடை சரியாகவே இருந்தாலும் பூச்சியம். வழி சரியாக இருந்து கடைசியில் பெருக்கல் பிழைத்தால் பாதிக்கு மேல் புள்ளி. தூரத் தோட்டத்திலிருந்து நடந்து வருகிறவர்கள் பிந்தினால் ஒன்றும் கேட்கமாட்டார். பக்கத்து வீட்டுக்காரன் பிந்தினால் தொலைந்தான். பிரம்பும் இருந்தது. பார்த்தெழுதியதற்காக ஒருநாள் எனக்கும் விழுந்தது. “அந்த அடியால்தான் ஆளானோம்” என்று நம்மவர்கள் ஒன்றுகூடல்களில் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடி வலித்தது, அவ்வளவுதான். கணக்கு வேறு வழியாக வந்தது.

வந்த வழிகளில் ஒன்று சிங்கமலை ரயில் சுரங்கம். கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையில் இருக்கும் அதன் நீளம் சுமார் 560 மீற்றர். கோச்சியின் நீளம் 140 மீற்றர், வேகம் செக்கனுக்கு 7 மீற்றர் என்று வைத்துக்கொண்டு, கடக்க எவ்வளவு நேரம் என்று கேட்டார். நான் 80 செக்கன் என்றேன். முன்வரிசைப் பெண்ணொருத்தி 100 என்றாள். இரண்டும் சரி என்றார் சேர். வகுப்பு குழம்பிப்போனது. “இவன் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறான். இருட்டு அவனுக்கு 80 செக்கன்தான். அவள் வெளியே நிற்கிறாள். எஞ்சின் நுழைந்ததிலிருந்து கடைசிப் பெட்டி மறுபக்கம் வெளியேறும்வரை பார்க்கிறாள். அவளுக்குக் கோச்சியின் நீளத்தையும் கூட்டவேண்டும். எங்கே நிற்கிறாய் என்று எழுதாமல் கணக்கைத் தொடங்காதே.”

சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, அக்கா போன நாளைச் சொன்னார். இந்தியா போகிறவர்களை ஏற்றிச்சென்ற அந்த வண்டிக்கு நம் சனங்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. கொட்டகலையில் அக்காவை ஏற்றிவிட்டு, தகப்பனும் சின்னப் பையனான இவரும் மேடையிலேயே நின்றார்களாம். சுரங்கத்துக்குள் போனதும் அழுகைச் சத்தம் நின்றுவிடும் என்று நினைத்தாராம். “நிற்கவில்லை” என்றார். பிறகு அடுத்த கணக்கை எழுதினார்.

சாதாரண தரத்தில் கணிதத்துக்குத் திறமைச் சித்தி வந்தது. உயர்தரத்தில் கணிதம் படிக்க எங்கள் பாடசாலையில் அந்தப் பிரிவே இல்லாததால் வர்த்தகம் எடுத்தேன். அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

கனடாவிலிருந்து கடைசியாக ஊருக்குப் போனபோது பதுளைக் கோச்சியில் மகளையும் கூட்டிப்போனேன். ஹட்டன் தாண்டி இருட்டு விழுந்ததும் வாய்க்குள் எண்ணத் தொடங்கினேன். பெட்டி முழுக்கப் பிள்ளைகள் வழக்கம்போலக் கூவினார்கள். மகளும் சேர்ந்து கூவினாள். ஐம்பத்தைந்திலோ அறுபதிலோ வடைக்காரர் கூடையோடு தோளில் இடித்துக்கொண்டு போக, எண்ணிக்கை தவறிவிட்டது.