சோல்பெர்க் இம்ப்ரெஸா: பின் சக்கர வளைவு ஒருவழியாக முடிந்தது

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு, நான் கட்டும் மாடல் காரில், பின் சக்கர வளைவின் மேல் ஏறும் மஞ்சள் நட்சத்திர டீக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஒரு சுருக்கம்கூட இல்லாமல் படிந்துவிட்டது. நான்காவது முயற்சி. சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

வண்டி, ராலி ஓட்டுநர் பெட்டர் சோல்பெர்க்கின் 2003 சுபாரு இம்ப்ரெஸா, நிஜக் காரில் 1/24 அளவு. அதிலும் வேல்ஸில் ஓடிய 7ஆம் எண்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அந்த வருட உலகப் போட்டியின் கடைசி ராலி அது. அதற்கு முன் போட்டி ஓட்டுநர்கள் சைன்ஸுக்கும் லோபுக்கும் தலா 63 புள்ளி, சோல்பெர்க்குக்கு 62. ராலியை வென்று, 72-71 என ஒரே புள்ளியில் லோபைத் தாண்டி உலகப் பட்டம் எடுத்தார். வேல்ஸ் என்றால் காட்டுப் பாதை, சரளை. மாடல் பெட்டியில் (கிட்) இருந்த தார்ச்சாலைச் சக்கரங்களை ஒதுக்கிவிட்டு, சின்னச் சக்கரமும் தடித்த டயரும் தனியாக வாங்கி, சஸ்பென்ஷனையும் கொஞ்சம் உயர்த்தினேன்.

டீக்கால்தான் உயிரை வாங்கியது. வாங்கிய தாள் பழசு. தண்ணீரில் போட்டதும் முதல் நட்சத்திரம் தூள்தூளானது. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மீதித் தாளுக்கு கிளியர் (நிறமில்லாத வார்னிஷ்) அடித்துக் காயவைத்த பிறகு உடைவது நின்றது. இரண்டாவது, வண்டியின் மைக்கா நீலத்தின் மேல் மஞ்சள் பச்சையாகத் தெரிந்தது. அடியில் வெள்ளை வேண்டும். மூன்றாவது, வளைவின் உச்சியில் மடிப்பு விழுந்து அப்படியே இறுகிவிட்டது.

நான்காவதில் நட்சத்திரத்தின் உள்மூலையில் புது பிளேடால் இரண்டு மில்லிமீட்டர் கீறினேன். டீக்காலை இளக்கும் சாஃப்டர் திரவத்தைத் தடவியதும் கசங்கின மாதிரி சுருங்கும். அப்போது கைவைக்கவே கூடாது. பத்து நிமிடம் பொறுத்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியை நடுவிலிருந்து வெளியே உருட்டினால் தோல் போல ஒட்டிக்கொள்கிறது. கீறல் விரிந்த இடத்தில் மஞ்சளை மூன்று முடி பிரஷ்ஷால் தொட்டுவிட்டேன்.

அதே 2003இல் கோர்சிகாவில், ராலி தொடங்கும் முன்பே சோதனை ஓட்டத்தில் சோல்பெர்க் வண்டியை நொறுக்கிவிட்டார். மெக்கானிக்குகள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரிசெய்தார்கள். அந்த ராலியையும் வென்றார். மூன்றாவது தடவை டீக்காலைச் சுரண்டி எடுத்தபோது அவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

கிளியர் கோட் இன்னும் பாக்கி. மழை ஈரத்தில் அடித்தால் பால் பூத்துவிடும், அதனால் வெயிலுக்காகக் காத்திருக்கிறேன். அதற்குள் அடுத்ததை யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். 2008 முடிவில் சுபாரு விலகியதும் சொந்த அணி தொடங்கி ஓட்டினாரே, அந்த 2009 சிட்ரோயன் ஸாரா ஒன்று. அப்புறம் 2014இல் ராலிகிராஸ் (சிறு சுற்றுப்பாதையில் பல கார்கள் ஒன்றாக மோதும் பந்தயம்) உலகப் பட்டம் வாங்கித் தந்த சிட்ரோயன் டிஎஸ்3. ராலியிலும் ராலிகிராஸிலும் உலகப் பட்டம் வென்ற முதல் ஆள் இவர்தான். மூன்று வண்டியும் ஒரே அலமாரியில் நிற்க வேண்டும். டிஎஸ்3க்கு அந்த அகலமான சக்கர வளைவுகளைப் புட்டியில் (காய்ந்தால் இறுகும் பசை)தான் செதுக்க வேண்டியிருக்கும். யாராவது செய்து பார்த்திருந்தால் எந்தப் புட்டி என்று சொல்லுங்கள்.