எழுந்து நிற்கும் வியாதி

ஒரு பாட்டி பாலையும் ரொட்டியையும் பூனைத்தீனி டப்பாவையும் என் கல்லாவின் ஓடும் பெல்ட்டில் வைத்தார். நான் சட்டென்று எழுந்து நின்றேன். கல்லாவை மூடப் போகிறேன் என்று நினைத்துவிட்டார் போல. எல்லாவற்றையும் வாரிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். பக்கத்துக் கல்லாப் பெண் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து சூப்பர் மார்க்கெட்டில் சேர்ந்த முதல் வாரம் அது. இங்கே உட்கார்ந்துகொண்டேதான் பில் போடுகிறார்கள். என்னுடையதோ வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் 6 வருஷம் சேலை செக்‌ஷனில் நின்ற கால். ஆள் வந்தால் அதுவாக எழும்.

தீபாவளி சமயத்தில் காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி பத்தரை. ரேக்கில் சாய்ந்தால் போச்சு, சூப்பர்வைசர் கேமராவில் பார்த்துவிட்டு வந்துவிடுவார். வீட்டில் அம்மா வெந்நீரில் கல்லுப்பு போட்டு வைத்திருப்பாள். கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று 2021 செப்டம்பரில் சட்டசபையில் மசோதா நிறைவேறியது. எங்கள் மாடிக்கும் 2 ஸ்டூல் வந்தது. மறுநாளே அதன்மேல் பிளவுஸ் பிட் அடுக்கிவிட்டார்கள்.

சரி, இப்போது நாற்காலி பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. 6 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் அரை மணி இடைவேளை, சட்டப்படி. கால் வீக்கம் வற்றிவிட்டது. வேறென்ன வேண்டும்?

காசிமேட்டிலிருந்து ஒரு அக்கா வருவார். “மயில்கழுத்துல அரக்கு பார்டர், ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டக் கூடாது. உன் கைராசி, நீயே எடுத்துக் குடும்மா.” 40 சேலை பிரித்துப் போட்டபின் நாற்பத்தொன்றாவதில் முகம் மலரும் பாருங்கள், அதற்கு எனக்கு இன்சென்டிவ் 20 ரூபாய்தான். (அந்த 40 சேலையையும் திட்டிக்கொண்டேதான் மடிப்பேன், அது வேறு.) பொங்கலுக்கு அதையே கட்டிக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போனார். இங்கே ரொட்டிக்கு யார் முகம் மலரப் போகிறது?

போன ஞாயிறு சாயங்காலம், பேச ஆளில்லாமல், பழைய செக்‌ஷன் தோழிக்கு போன் போட்டேன். அங்கே ராத்திரி பத்தே முக்கால், ஷேர் ஆட்டோவில் இருந்தாள்.

“எப்டி இருக்க? உக்காந்துனு இருக்கியா?” என்றேன்.

“இப்போ தாண்டி உக்கார்றேன். இன்னிக்கு செம கூட்டம். அந்தக் காசிமேட்டு அக்கா வந்துச்சு, உன்னத்தான் கேட்டுச்சு.”

“என்ன கலர் எடுத்தாங்க?”

டவர் கட்டாகிவிட்டது.